காட்டுக்குள் போட்ட வேலி

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசி எடுத்தபோது என் முழங்கால் வலியைக் கேட்டாய். கிணற்றுத் தண்ணீர் உவராகிவிட்டதா என்று கேட்டாய். அந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில், பழைய சைக்கிளை யாருக்கோ கொடுக்கப்போவதைச் சொல்வதுபோல, "காட்டு வீட்டை விக்கப்போறம் அம்மா. ஒரு குடும்பம் வந்து பாத்திட்டுப் போட்டுது. இந்தக் கோடை முடியிறதுக்கிடையில எழுதிக் குடுத்திடுவம்" என்றாய். நான் "ஓம்" என்றேன். நீ "சரியம்மா, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டாய். அதன் பிறகு கதிரையில் அப்படியே இருந்தேன். வகுப்பறையில் பிள்ளைகள் முன்னால் நாள் முழுக்கப் பேசுகிறவள் நான். வீட்டுக்குள், பெற்ற பிள்ளையிடம், மனதில் உள்ளதைச் சொல்ல வரும்போது மட்டும் வாய் கட்டிக்கொள்கிறது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் என்று புங்குடுதீவு முழுக்க என்னைக் காட்டிச் சொன்னார்கள். பல்கலைக்கழகத்திலும் நான் பின்வரிசையில் இருந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தவள்தான். எழுதத்தான் எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

இரண்டு நாள் கழித்து எலினிடமிருந்து ஒரு செய்தி வந்தது. உன் மனைவி தொலைபேசியில் மொழிபெயர்த்து அனுப்புகிற தமிழ் எனக்கு எப்போதும் சிரிப்பு வரவைக்கும். இந்த முறை வரவில்லை. "அவர் குடிசைக்குச் செல்வதில்லை. வேலியை அகற்ற அனுமதிப்பதில்லை. அவர் அப்பாவை நினைத்து விற்பனை செய்கிறார். அம்மா, தயவுசெய்து." அவ்வளவுதான். தயவுசெய்து என்ன செய்யவேண்டும் என்று அவள் எழுதவில்லை. எனக்கும் முழுதாகத் தெரியவில்லை. ஆனால் நீ ஒரு வீட்டை விற்கவில்லை, அங்கே அப்பாவிடம் சொன்ன ஒரு சொல்லை விற்றுத் தீர்க்கப் பார்க்கிறாய் என்று மட்டும் விளங்கியது.

போன வருடப் பள்ளிக்கூட விடுமுறையில் நானும் அப்பாவும் அந்தக் குளிர் நாட்டுக்கு உங்களிடம் வந்தபோது, நீ எங்களை வந்திறங்கிய அடுத்த நாளே அந்த வீட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனாய். தார் ரோட்டு முடிந்து, கல் ரோட்டும் முடிந்து, மரங்களுக்கிடையில் ஒரு செம்மண் தடம். அதன் கடைசியில் காவி நிறத்தில், ஓரங்களுக்கு வெள்ளை பூசி, ஒரு மரவீடு. அப்பா காரை விட்டு இறங்கி, இடுப்பில் கையை வைத்து அதைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது வாசல் பக்கம். மிச்சம் எங்க?"

"இவ்வளவுதான் அப்பா."

"ஒரு அறையோ?"

"ஓம். ஒரு அறை, சமைக்க ஒரு குசினி."

"கக்கூஸ்?"

நீ மரங்களுக்குப் பின்னால் இருந்த சின்னக் கூட்டைக் கையால் காட்டினாய். அப்பா என்னைப் பார்த்தார். "இஞ்சரும், இதுக்குத்தானோ இவனை இவ்வளவு படிப்பிச்சனாங்கள்? நாங்கள் இடம்பெயர்ந்து இருந்த கொட்டில் இதைவிடப் பெரிசு." அப்பா என்ன சொன்னார் என்று எலின் உன்னைக் கேட்டாள். நீ மொழிபெயர்த்தாய். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பாவுக்கும் அது பெருமையாக இருந்தது. அந்த நாட்டில் அவர் சொன்னதற்கு முதன்முதலாக ஒருவர் சிரித்திருக்கிறார்.

அந்த வீட்டைப் பற்றி நான் உன்னிடம் இதுவரை ஒன்றுமே சொல்லவில்லை. "வடிவாயிருக்கு" என்று மட்டும் சொன்னேன், அது எல்லாவற்றுக்கும் சொல்கிற சொல். வந்த நாளே நான் கவனித்தது அங்கே புதுச்சாமான் ஒன்றும் இல்லை என்பதைத்தான். நகரத்து வீட்டில் ஓய்வுபெற்ற பொருட்கள்தான் அங்கே போகுமாம், எலின் சொன்னாள். கைப்பிடி உடைந்த கோப்பை, ஒன்றுக்கொன்று பொருந்தாத கரண்டிகள், பழைய கட்டில்விரிப்பில் தைத்த யன்னல் சீலை. யாரும் யாருக்கும் எதையும் காட்டவேண்டியதில்லை. தண்ணீருக்கு வெளியே போய்க் கைப்பம்பை அடிக்கவேண்டும். இங்கே கிணற்றில் ஒரு வாளி அள்ளித் தா என்றால் "வாறன் வாறன்" என்று புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற நீ, அங்கே இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு சீழ்க்கை அடித்தபடி வந்தாய். விறகு அடுப்பைப் பற்றவைக்க நீ பட்ட பாட்டைப் பார்த்து, நான் உன்னைத் தள்ளி இருக்கச் சொல்லி இரண்டு சுள்ளியில் பற்றவைத்தேன். இரவுச் சாப்பாட்டு நேரத்திலும் வெளிச்சம் போகவில்லை. யன்னலுக்கு வெளியே வெள்ளைத் தோல் மரங்கள், நீங்கள் பேர்ச் என்கிற மரங்கள், கை நீட்டினால் தொடலாம்போல நின்றன. கீழே பாசி, கறுத்த நாவல்நிறப் பழச்செடிகள். அந்த வாசல்படியில் நான் இருந்தபோது ஒருத்தரும் என்னை ஒரு வேலைக்கும் கூப்பிடவில்லை.

எங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கிற வீடுகள் உனக்குத் தெரியும். பிரான்சில் இருப்பவருடையது, கனடாவில் இருப்பவருடையது, மாடி, கறுப்புக் கண்ணாடி, சிங்கத் தலை வைத்த வாசற் படலை. திருவிழாவுக்கு ஒரு கிழமை திறப்பார்கள். மிச்ச நாளெல்லாம் அவற்றைக் கடந்து பள்ளிக்கூடம் போகும்போது நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. யாரோ செத்த வீடுபோல இருக்கும். உங்கள் காட்டு வீடும் வருடத்தில் முக்கால்வாசி பூட்டித்தான் கிடக்கும் என்று எலின் சொன்னாள். பனி விழ முன்னம் தண்ணீரை வடித்து, யன்னல் பலகையைப் பூட்டிவிட்டு வந்தால், அடுத்த கோடையில்தான் போவார்களாம். ஆனால் அவள் அதைச் சொன்ன முகத்தில் கவலை இல்லை. போகிறார்கள், திரும்பி வருகிறார்கள். அதை நம்பி ஒரு வீட்டைப் பூட்டலாம் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். எலினின் தாய்க்குப் பிறந்தநாள் என்று நீங்கள் இரண்டு பேரும் காலையில் போனீர்கள். நாங்களும் வந்திருக்கலாம், நான்தான் கூச்சத்தில் மறுத்தேன். கார் போய்ச் சத்தம் அடங்கவில்லை, அப்பா சட்டையைக் கழற்றிக் கொளுவிவிட்டுக் கோடாலியை எடுத்தார். முதலில் வீட்டைச் சுற்றி இருந்த செடிகளைப் பிடுங்கினார். பாசியை மண்வெட்டியால் சீவினார். சுவரில் முட்டிய கிளைகளை வெட்டினார். மண் தெரிய ஒரு முற்றம் வந்தது. நான்தான் கூட்டினேன், தம்பி. எனக்கும் அது சந்தோசமாகத்தான் இருந்தது. பிறகு அவர் பின்பக்கம் போய் மணிக்கட்டுப் பருமனில் பேர்ச் தடிகளை வெட்டி இழுத்துக்கொண்டு வந்தார்.

"என்னப்பா செய்யப்போறியள்?"

"வேலிக் கதியால். இஞ்ச மழை பெய்யுது, மண் குளிர். பூவரசு துளிர்க்கிற மாதிரித் துளிர்க்கும் பாரும். அடுத்த வருசம் வேலி தானா நிக்கும்."

"பிள்ளையள் வரட்டும். கேட்டுச் செய்வம்."

"தேப்பன் மகன்ர வளவுக்கு வேலி போட ஆரைக் கேக்கிறது? முந்தநாளும் ஒருத்தன் நாயோட வந்து உந்தச் செடியில பழம் ஆய்ஞ்சு திண்டிட்டுப் போறான். என்ர பிள்ளை அவனுக்குக் கையைக் காட்டிச் சிரிக்கிறான். எல்லை இல்லாமல் ஒரு காணி கிடந்தா நாளைக்கு உவன் தன்ரை எண்டுவான். இந்தக் கயித்தைப் பிடியும்."

பிடித்தேன். அவர் கடப்பாரையால் குழி போட்டு, ஒவ்வொரு தடியாக நட்டு, காலால் மிதித்து, குறுக்குத் தடி வைத்துக் கட்டினார். உங்கள் நாட்டுக்கு வந்த நாள் முதல் அவர் அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்ததை நான் பார்க்கவில்லை. மத்தியானம் அந்த நாய்க்காரர் வந்தார். வேலியைக் கண்டு நின்றார். அப்பா நிமிர்ந்து "குட் மோர்னிங்" என்றார். அவர் எங்களைப் பார்த்தார், தடிகளைப் பார்த்தார், தலையை அசைத்துவிட்டு நாயையும் இழுத்துக்கொண்டு வேலியைச் சுற்றிப் போனார். அப்பாவுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "பாத்தீரே? எல்லையைக் கண்டவுடன மனுசன் மரியாதையாச் சுத்திப் போறான்."

பின்னேரம் நீங்கள் வந்தீர்கள். எலின் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றாள். நீ வேலியின் ஒரு முனையிலிருந்து மற்ற முனைவரை நடந்தாய்.

"இந்தத் தடியெல்லாம் எங்க வெட்டினனீங்கள் அப்பா?"

"பின்னுக்குத்தான். காடுதானே."

"அது எங்கட காடில்லை. அந்த நாய்க்காரற்ற காடு. அவற்ற மரம்."

அப்பா கையிலிருந்த கடப்பாரையைக் கீழே வைத்தார். நீ சத்தம் போடவில்லை, அதுதான் கூட நோவானது. "பழச்செடியெல்லாம் போச்சு. எலின்ர அம்மம்மா காலத்துச் செடி. இனி அவரிட்டைப் போய் நான் மன்னிப்புக் கேக்கவேணும். இஞ்ச ஆரும் எங்கயும் நடக்கலாம், பழம் ஆயலாம். உங்களுக்கு வேலி இல்லாமல் ஒரு இடத்திலயும் இருக்க ஏலாதோ? இது உங்கட இடமில்லை அப்பா. நீங்கள் இஞ்ச விருந்தாளி. தயவுசெய்து இனி ஒண்டையும் தொடாதேங்கோ."

அதற்குப் பிறகு அவர் நடந்துகொண்டது உனக்கு மறக்காது, எனக்கும் மறக்காது. அடுத்த நாள் விடிய வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையை வாரி, கதிரையில் விருந்தாளிபோல இருந்தார். "தம்பி, ஒரு வாய் தண்ணி குடிக்கலாமோ?" என்று கேட்டார். "கக்கூசுக்குப் போயிட்டு வரலாமோ?" என்று கேட்டார். நீ "அப்பா, விடுங்கோவன்" என்றாய். "இல்லைத் தம்பி, வந்த இடத்தில கேட்டுத்தான் செய்யவேணும்" என்றார். மனுசன் பொல்லாதவர். வேறு யாருமென்றால் கோபித்துக்கொண்டு இரண்டு நாளில் ஆறியிருப்பார்கள். இவர் மரியாதையால் ஆளைக் கொல்லுவார். என்னோடும் அப்படித்தான், கலியாணம் முடித்த காலத்திலிருந்து. ஒருநாள் கறியில் உப்புக் கூட என்று சொன்னார், நான் முகத்தைச் சுளித்தேன், ஒரு மாதம் "கறி மிகவும் நன்றாக இருக்கிறது" என்று புத்தகத் தமிழில் சொல்லிச் சாப்பிட்டார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், செத்துப்போனார் என்பதற்காக, அவர் இருந்ததைவிட நல்லவராக நீ அவரை ஆக்கிக்கொள்ளாதே. நீ சொன்னதில் பிழை இருந்தது. அவர் செய்ததிலும் இருந்தது. இரண்டையும் அதனதன் அளவில் வைத்துக்கொள்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதை அன்றே நான் உன்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நாங்கள் சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து போய், பிறகு தீவுக்குத் திரும்பலாம் என்று விட்டபோது நீ சின்னப்பிள்ளை. உன்னையும் என்னையும் யாழ்ப்பாணத்தில் சின்னம்மா வீட்டில் விட்டுவிட்டு, அப்பா மட்டும் தினமும் பஸ்ஸில் வந்து இந்த வளவைத் துப்பரவாக்கினார். நீ கண்டது கூட்டிப் பெருக்கிய முற்றம். அவர் கண்டது வீடே தெரியாத பற்றை. முதல் நாள் எங்கள் வீடு எது என்று தெரியாமல் பக்கத்து வளவுக்குள் நின்றாராம். குசினிக்குள் ஆலங்கன்று முளைத்துக் கூரையைத் துளைத்து நின்றது. சுவருக்குள் வேர். பற்றையைக் கொளுத்த ஏலாது, உள்ளே வெடி ஏதும் கிடக்கலாம். கையால்தான் ஒவ்வொன்றாகப் பிடுங்கவேண்டும். அந்திக்கு வந்தால் இரண்டு கையிலும் கீறல், ஒன்றும் பேசமாட்டார். ஒருநாள் மட்டும் சொன்னார்: "மரம் சுவரில முட்டினா வீட்டில ஆக்கள் இல்லை எண்டு அர்த்தம்." உன் காட்டு வீட்டில் யன்னலோடு முட்டி நின்ற கிளைகளை நான் வடிவென்று பார்த்தேன். அவர் அதில் ஆளில்லாத வீட்டைத்தான் பார்த்தார். உன் வீட்டில் ஆட்கள் இருக்கவேண்டும் என்றுதான் அவர் வெட்டினார். அவருக்கே அது தெரிந்திருக்குமோ என்னவோ. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு நடந்ததையும் உள்ளபடி சொல்கிறேன், கூட்டாமல் குறைக்காமல். பக்கத்து வீட்டுப் பரமேஸ் அக்கா வந்து படம் காட்டச் சொன்னா. நான் முதல் நாள் எடுத்ததைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "உது என்ன பிள்ளை, கோழிக்கூடோ?" என்றா.

அப்பா உள்ளேயிருந்து வந்தார். "கோழிக்கூடுதான். சுத்திவரக் காடு. உங்கட மோன் பாரிசில தீப்பெட்டி மாதிரி வீட்டில எத்தினையாம் மாடியில இருக்கிறான்?"

"வேலி ஒண்டையும் காணேல்லை."

"அங்க வேலி போடமாட்டினம். ஆரும் எங்கயும் நடக்கலாம், பழம் ஆயலாம். களவெண்டால் என்னெண்டு தெரியாத சனம். உங்களுக்கு உது விளங்காது."

நான் குசினிக்குள் போய்விட்டேன், சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு பால் எடுக்க வருகிறவரிடமும் அதையே சொன்னார், கோயிலிலும் சொன்னார். நீ சொன்னதைத் தன்னுடையதாக்கிச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆனால் நீ தொலைபேசி எடுத்தால் வாங்கமாட்டார். "தாயோட கதைக்கட்டும். விருந்தாளியோட என்ன கதை" என்று வெளியே போய்விடுவார். ஒவ்வொரு முறையும் நான் உன்னிடம் "அப்பா தோட்டத்தில" என்று சொன்னது பொய். அவர் படலையடியில் நின்று நான் என்ன கதைக்கிறேன் என்று கேட்டுக்கொண்டிருப்பார். வைத்த பிறகு வந்து, "என்னவாம்?" என்பார். அங்கே பனி விழத் தொடங்கிவிட்டது என்று சொன்னால், "வீட்டுத் தண்ணியை வடிச்சிட்டானாமோ?" என்று கேட்பார். நீங்களே கேளுங்கோவன் என்றால், "நான் ஏன் கேக்கிறன்" என்பார்.

மார்கழி மழையில் ஒருநாள் விடிய நெஞ்சு நோகுது என்றார். ஊர் ஆஸ்பத்திரியில் பார்த்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அம்புலன்ஸ் கடலுக்கு நடுவில் போகிற ரோட்டில் போகும்போது என் கையைப் பிடித்திருந்தார். உன்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று, செத்தவீட்டுக்கு வந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிவரை நின்றும் நீ என்னிடம் கேட்கவில்லை. கேட்கப் பயந்தாய் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை, தம்பி. உன்னை மன்னித்ததாகவும் சொல்லவில்லை, உன்னில் கோபமென்றும் சொல்லவில்லை. மண்டைதீவுச் சந்தி தாண்டும்போது, மாட்டுக்கு வைக்கோல் போட்டனீரோ என்று கேட்டார். கடைசியாகச் சொன்னது அதுதான். அதை நான் வேறு எதுவாகவும் மாற்றி உனக்குத் தரமாட்டேன். மாற்றினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். பிறகு ஒருநாள் அது பொய் என்று நீ கண்டுபிடிப்பாய். நீயும் என்னைப்போல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறவன்.

டொக்டர் அவருடைய இருதயக் குழாய் எத்தனையோ வருடமாக அடைபட்டு வந்தது என்று சொன்னார். அதை நீயும் கேட்டாய், நம்பவில்லை. அவர் நொந்துபோயிருந்தார் என்பது உண்மை. அவர் செத்தார் என்பதும் உண்மை. அந்த இரண்டையும் நீதான் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறாய். இன்னும் இரண்டு வருடம் இருந்திருந்தால் நீங்கள் பேசிச் சிரித்திருப்பீர்கள், அல்லது இன்னொரு விசயத்துக்குச் சண்டை பிடித்திருப்பீர்கள். அந்த இரண்டு வருடம் கிடைக்கவில்லை. அதற்காக அழு. நானும் அழுகிறேன். ஆனால் அழுகைக்குக் கூலியாக ஒரு வீட்டைக் கொடுக்காதே. எலின் கோடைகளில் அங்கே தன் அம்மம்மாவோடு வளர்ந்தவள். அவளுக்கும் அங்கே செத்தவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவும் உனக்காக எழுதினேன் என்று நினைப்பாய். பாதிதான். மீதி எனக்காக. நான் பிறந்த வீட்டில் ஒன்பது பேர். படிக்கிறதென்றால் எல்லோரும் படுத்த பிறகு, விளக்கின் மேல் கடதாசி சுற்றிக்கொண்டு. பிறகு விடுதி, பிறகு இடம்பெயர்ந்து இன்னொருத்தருடைய விறாந்தை, பிறகு அப்பாவின் வீடு. இது அப்பாவின் வீடுதான், எல்லா இடத்திலும் அவருடைய கை இருக்கிறது. இப்போது அவர் இல்லாமல் இந்தப் பெரிய வளவைக் கூட்டுகிறேன், கூட்டி முடிவதில்லை. அறுபது வயதை எட்டப்போகிற எனக்கு, இந்த உலகத்தில் ஓர் இடத்தைக் கண்டு "இங்கே கொஞ்சம் இருக்கலாமே" என்று தோன்றியது உங்கள் வாசல்படியில்தான். அதை அப்பாவிடமும் சொல்லவில்லை. அவர் அவ்வளவு நொந்திருந்தபோது எனக்கு அந்த இடம் பிடித்தது என்று எப்படிச் சொல்வது?

அதனால் ஒன்று கேட்கிறேன். வாங்க வந்தவர்களைக் கோடை முடியும்வரை பொறுக்கச் சொல். எலினிடம் சொல்லி விசாவுக்கு வேண்டியதை அனுப்பு. பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியதும் நான் வருகிறேன். ஆண்டுத்திவசம் முடிய முன்னம் பிளேன் ஏறுகிறாள் என்று பரமேஸ் அக்கா ஊர் முழுக்கச் சொல்லுவா. சொல்லட்டும். அந்த மாதத்து மாசியச் சடங்கை ஐயரிடம் ஒப்படைத்துவிட்டு வருகிறேன். என்னை அந்த வீட்டில் ஒரு கிழமை, ஏழு நாளும், தனியாக விடவேண்டும். எலினும் வேண்டாம், நீயும் வேண்டாம். அரிசியும் பருப்பும் மிளகாய்த்தூளும் போதும். கரடி வருமென்றால் இப்போதே சொல், மனதைத் தயார்படுத்திக்கொள்வேன். வேலியை நான் பிடுங்கமாட்டேன், அது உன்னுடைய வேலை. அந்தத் தடிகள் என்ன செய்கின்றன என்று பார்த்துக்கொண்டு படியில் இருப்பேன்.

அந்தக் கல் ரோட்டில் பஸ் வராது, எனக்குக் கார் ஓடவும் தெரியாது. கிழமை முடிய நீ வந்துதான் என்னை ஏற்றவேண்டும். தடத்தின் வாயிலில் நின்று ஹோர்ன் அடித்தால் வரமாட்டேன். உள்ளே வந்து கூப்பிடு.

அம்மா